பயிற்சி முடிவதே இல்லை

வெள்ளிமலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். பி.இ. மெக்கானிக்கல். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஓரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினொரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர், இப்போது அப்பாவோடு மரவள்ளி போடுகிறார்.

"ஏன் தம்பி வந்துட்டீங்க?"

"நானா வரலண்ணே. பதினோரு மாசம் முடிஞ்சிடுச்சு. டிரெய்னிங் கம்ப்ளீட்டுன்னு ஒரு சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிட்டாங்க. நான் முடுக்குன அதே போல்ட்டை இப்ப வேற ஒரு டிரெய்னி முடுக்கிட்டு இருப்பான்."

உற்பத்தித் துறையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை, நம் பையன்களுக்குத்தான் திறமை இல்லை என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கல்லூரி ஆண்டு விழாவுக்கு வரும் ஹெச்.ஆர். மேனேஜரும் இதைத்தான் சொல்கிறார். எனக்கு ஒரு சின்ன சந்தேகம். திறமையே இல்லாத பையனை எப்படி மூன்றாம் நாளே லைனில் நிறுத்தி டார்கெட் கொடுக்கிறீர்கள்? மூன்று நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் அது என்றால், மிச்சப் பத்து மாதம் இருபத்தேழு நாளும் எதற்குப் பயிற்சி? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும்.

பொய் எங்கே இருக்கிறது என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம், அப்ரெண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. பாதுகாப்பு, சுகாதார விதிகள் அவருக்கு உண்டு. மற்றபடி தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா. பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி பட்டதாரி அப்ரெண்டிஸுக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய். நாலு வருஷம் பி.இ. படித்ததற்கு.

அதே விதிகள் ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கின்றன: ஒரு நிறுவனத்தின் ஆள்பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் அப்ரெண்டிஸ் கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் வரம்பு அந்தப் பெயருக்கு மட்டும்தானே? கம்பெனி டிரெய்னி, கான்ட்ராக்ட், ஃபிக்ஸட் டெர்ம் என்று பெயரை மாற்றிக்கொண்டே போனால் ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்யும் நாலு பேர் நாலு விதமான மனிதர்களாகிவிடுகிறார்கள். நிரந்தரத் தொழிலாளியின் யூனிஃபார்ம் ஒரு நிறம், டிரெய்னியின் யூனிஃபார்ம் இன்னொரு நிறம். யாரோடு யார் சாப்பிட உட்கார்வது என்பதைக்கூட அந்த நிறம் தீர்மானிக்கும். நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான் இது.

"எதுவாக இருந்தாலும் சாராயம் காய்ச்சுவதைவிட மேல் இல்லையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கல்வராயன் மலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், மேல்தான். செம்மரம் வெட்டப் போவதைவிடவும் மேல். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் பலர் நம் வட மாவட்ட மலை கிராமத்து ஆட்கள். கூலிக்கு எந்த ஆபத்துக்கும் போகிற நிலையில் இந்த மலைகள் இருக்கின்றன என்பது உண்மை.

ஆனால் அந்த உண்மையைக் காட்டித்தான் எங்கள் பையன்களை மலிவாக எடுக்கிறார்கள் என்பதும் உண்மை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். மெத்தனால் மலையில் விளைவதில்லை. அது தொழிற்சாலைச் சரக்கு. ஆனாலும் போலீஸ் மலையேறி ஊறலை அழித்தது. பழி மலைக்கு. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. கூலி கேட்க முடியாமல் உழைத்த தாத்தாக்களின் பேரன்கள்தான் இப்போது பி.இ. முடித்துவிட்டு இறங்குகிறார்கள். இவர்களிடம் "கிடைத்ததை வாங்கிக்கொள்" என்று சொல்ல வாய் கூச வேண்டாமா?

இனி வரப்போவதைப் பார்ப்போம். 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் காலணித் தொழிற்சாலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்றார்கள். வரட்டும், நான் எதிர்க்கவில்லை. கரும்பையும் சர்க்கரை ஆலையையும் நம்பிக் கிடந்த மாவட்டத்துக்கு இது பெரிய காரியம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த 20,000 பேரும் எந்தப் பெயரில் உள்ளே போவார்கள்? வெள்ளிமலையிலிருந்து உளுந்தூர்பேட்டைப் பக்கம் தினமும் போய்வர முடியாது. ஹாஸ்டல்தான். ஹாஸ்டல் என்றால் 2021 டிசம்பர் ஞாபகம் வர வேண்டும். ஃபாக்ஸ்கான் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிகளின் லட்சணம் வெளியே தெரிந்தது.

நிரந்தர வேலை என்றால் மட்டும் பாதுகாப்பா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆனால் மூடும்போது பேரம் பேச நோக்கியா தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். முதல் கோரிக்கையே சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. டிரெய்னியால் இதைச் செய்ய முடியாது. தொழிலாளியே இல்லை என்று எழுதிவிட்ட பிறகு அவன் எந்தச் சங்கத்தில் சேருவான்?

பயிற்சி என்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் பதினாறு வயதுப் பையனும் அப்ரெண்டிஸாகத்தான் தொழிற்சாலைக்குள் போகிறான். அங்கே அவனுக்குப் பாடத்திட்டம் உண்டு, முடிவில் தேர்வு உண்டு, அப்ரெண்டிஸுகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி உண்டு. நாம் ஜெர்மனியிடமிருந்து அந்தச் சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. என்ன பெயர் வைத்தாலும் சரி, லைனில் நிற்கும் பயிற்சியாளர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே உச்சவரம்பு. அரசின் சலுகை வாங்கும் ஆலை, வருஷா வருஷம் எத்தனை டிரெய்னியை நிரந்தரமாக்கியது என்று வெளியிட வேண்டும். மலையிலிருந்து எடுக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் முதல் நாளே எழுத்தில் பணி ஆணை.

டீக்காசைத் தம்பிதான் கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த வாரம் கள்ளக்குறிச்சியில வேலைவாய்ப்பு முகாமாம்ணே. போலாம்னுதான் இருக்கேன். ஆனா எந்தப் பேருல எடுக்கறாங்கன்னு மொதல்ல கேட்கணும்."

கேளுங்கள் தம்பி. வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் காதில் விழும்படி சத்தமாகவே கேளுங்கள்.