மக்கு என்று திட்டும் முன்...



பரீட்சை பேப்பர் கொடுத்த அன்று சாயங்காலம் பாருங்கள்... பாதி வீடுகளில் அடியும் அழுகையும்தான். 'வாயால கேட்டா எல்லாம் டாண் டாண்ணு சொல்றான். எழுதச் சொன்னா மட்டும் வர மாட்டேங்குது. அத்தனையும் திமிர்!' என்று அலுத்துக்கொள்ளும் அம்மாக்கள் எத்தனை பேர்! எல்லாப் பிள்ளைகளுக்கும் அது திமிர் அல்ல. சில பிள்ளைகளுக்கு, 'டிஸ்லெக்சியா' எனும் வாசிப்புக் குறைபாடு.

இப்பிள்ளைகளுக்குப் புத்தியில் குறை இல்லை. பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்து, எழுத்தோடு பொருத்துவதில்தான் சிரமம். இது வியாதி அல்ல. டானிக்காலும் மாத்திரையாலும் போகாது. பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. 1896ம் ஆண்டிலேயே, பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர், படிக்கத் திணறிய 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். பாடத்தை வாய்மொழியாகவே நடத்தினால், பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவன் ஆசிரியரே சொன்னாராம்!

இதை முதலில் கவனிக்கக் கூடியவர், பக்கத்தில் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுத வைக்கும் அம்மாதான். எல்.கே.ஜி., யு.கே.ஜி.,யிலேயே சில அறிகுறிகள் தெரியும். பேச்சு தாமதமாக வந்திருக்கும். 'பல்', 'கல்' இரண்டும் ஒரே மாதிரி முடிவது பிடிபடாது. நேற்று படித்த எழுத்து, இன்று புதிதாகத் தெரியும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கொம்பும் காலும் விட்டுப் போகும். 'படம்' என்பதைப் 'பாடம்' என்று படிக்கும். படத்தைப் பார்த்து ஊகமாகக் கதை சொல்லும். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

உடனே பயந்துவிடாதீர்கள். ஆறு, ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது பல குழந்தைகளுக்கும் சகஜம். பல அறிகுறிகள் சேர்ந்து, மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால்தான் கவனம் தேவை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

நம் பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படிக்க வராத பையன் வகுப்பில் ரகளை செய்வான்; டீச்சர் கூப்பிட்டு அனுப்புவார். பெண்ணோ, கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். 'தங்கமான பொண்ணு, படிப்புதான் ஏறலை. காலாகாலத்துல கட்டிக் கொடுத்துட்டா போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவள் வாழ்க்கையே அல்லவா திசை மாறிப் போகிறது?

'வளர வளரச் சரியாயிடும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அதனால், குறை வெளியே தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் நிற்கும். அதற்குள், 'நான் மக்கு' என்று குழந்தை தன்னைப் பற்றியே முடிவு கட்டியிருக்கும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே தனிக் கவனம் கொடுத்தால், அந்தக் காயம் இல்லாமல் தேற்றிவிடலாம்.

'வெளியில தெரிஞ்சா பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்க' என்று வீட்டில் தடுக்கலாம். இப்போது ஊரே கூப்பிடுகிறதே 'மக்கு' என்று... அது மட்டும் முத்திரை இல்லையா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்தில் காட்டலாம், கட்டணம் இல்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. 2016ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும், கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டுள்ளது. முறையான சான்றிதழ் இருந்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுதித் தர ஆளும் கேட்டுப் பெறலாம்.

வீட்டிலும் செய்ய வேண்டியது உண்டு. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை அன்றோடு விட்டுவிடாதீர்கள். தாம்பாளத்தில் மணலோ, அரிசியோ பரப்பி, ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்தால் எழுத்து மனதில் பதியும். சிறப்பு ஆசிரியர்கள் கையாள்வதும் இம்முறையைத்தான். தினமும் பத்து நிமிடம் நீங்களே கதை படித்துக் காட்டுங்கள். 'அக்காவைப் பார், எதிர்வீட்டுப் பையனைப் பார்' என்ற ஒப்பீடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஜுரம் வந்தால், 'தானாப் போயிடும்' என்று ஏழு வருஷம் காத்திருப்போமா? படிப்பு வராத குழந்தையை மட்டும் ஏன் காக்க வைக்க வேண்டும்? அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, எத்தனை மார்க் என்று கேட்பதோடு, 'என் குழந்தை எப்படிப் படிக்கிறாள்?' என்றும் டீச்சரிடம் கேட்டு வாருங்கள் தோழியரே!

— ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.