ஜப்திப் பொருளும் அமீனாவின் பொறுப்பும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் கடனில்லாத குடியானவன் அரிது. ஆகவே ஜப்தி என்ற சொல்லை அறியாத கிராமமும் அரிது. சிவில் கோர்ட்டின் வாரண்டுடன் வரும் சிப்பந்தியை ஜனங்கள் இன்றும் அமீனா என்றே அழைக்கின்றனர். கோர்ட்டுக் கச்சேரியில் அவருக்குப் பெய்லிப் என்று பெயர். பெயர் எதுவாயினும், அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் வீட்டிலுள்ள பெண்டுபிள்ளைகள் கலங்குகின்றனர். இக்கலக்கத்திற்குக் காரணம் சட்டத்தின் கொடுமையன்று. சட்டம் தங்களுக்கு அளித்திருக்கும் பாதுகாப்பை ஜனங்கள் அறியாதிருப்பதும், அறிந்தவர்கள் அதை எடுத்துச் சொல்லாதிருப்பதுமே காரணம்.

ஜப்தி என்பது தண்டனையன்று. ஜப்தியான பொருள் அமீனாவுக்குச் சொந்தமன்று, டிக்ரிதாருக்கும் சொந்தமன்று. ஏலம் முடியும்வரை அது கடனாளியின் சொத்தே. கைப்பற்றிய அசையும் பொருளைத் தம் வசத்திலோ தமக்குக் கீழ்ப்பட்டவர் வசத்திலோ வைத்துக் காக்கும் பொறுப்பு அமீனாவைச் சேர்ந்தது என்று சிவில் நடைமுறைச் சட்டம் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. ஐப்பசி மழையில் நனைந்து நெல் முளைத்துவிடுமாயின், கடனாளிக்குக் கடன் தீராது. டிக்ரிதாருக்குப் பணமும் வராது. அஜாக்கிரதையால் லாபமடைபவர் ஒருவருமில்லை.

1908-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 60-வது பிரிவைக் கிராமத் தொண்டர் ஒவ்வொருவரும் படித்தறிதல் அவசியம். உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத ஆசாரப்படி பெண்கள் கழற்றலாகாத நகை, கைத்தொழிலாளியின் கருவி இவற்றை ஜப்தி செய்யலாகாது. பயிரிடுவோனுடைய உழவுக் கருவிகளுக்கும், அவன் ஜீவனத்துக்கு அவசியமென்று கோர்ட்டார் கருதும் மாட்டுக்கும் விதைநெல்லுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அவன் குடியிருக்கும் சொந்த வீடும் அவ்வாறே. இவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கடன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. சூரியன் அஸ்தமித்தபின் உதயம்வரை, ஜப்திக்காக எவர் வீட்டிலும் நுழையலாகாது என்று 62-வது பிரிவு தடுக்கிறது.

நிற்கும் பயிரைப் பற்றிய விதியும் கவனிக்கத்தக்கது. வாரண்டின் நகலை வயலில் ஒட்டினால் பயிர் ஜப்தியாகும். அறுத்துக் குவித்த நெல்லாயின் களத்தில் ஒட்டவேண்டும். ஜப்திக்குப் பின்னரும் பயிரைப் பேணவும் அறுக்கவும் சேமிக்கவும் கடனாளிக்கு உரிமையுண்டு. தண்ணீர் பாய்ச்சுவதையும் அறுப்பதையும் நிறுத்திவிட்டு அவன் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஆடுமாடுகளை ஊரை விட்டு ஓட்டிச்செல்ல வசதியில்லையேல் ஊரிலேயே யோக்கியமான ஒருவர் பொறுப்பில் விடலாம். ஏலத்தில் சம்பந்தப்பட்ட சிப்பந்தி, தாமாகவோ பிறர் பெயரிலோ அப்பொருளை ஏலம் கேட்கக் கூடாது.

விதிகள் இவ்வாறிருக்க, நடப்பது என்ன? 1928-ல் குஜராத்திலுள்ள பார்தோலியில், வரி பாக்கிக்காகக் குடியானவர்களின் எருமைகளை அந்நிய சர்க்கார் ஜப்தி செய்தபோது தேசமே கொதித்தது. சுதந்திரம் பெற்றுப் பல வருஷங்கள் சென்றபின், 2016 மார்ச்சில், நம் தஞ்சை ஜில்லாவிலேயே டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸார் அடித்து இழுத்துச் சென்ற காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்து வெட்கிற்று. ஈட்டுக்குக் கொடுத்த கடனில் அந்த ஈட்டைக் கோரும் உரிமை வேறு விஷயம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடிக்கும்படி உத்தரவிடும் வாரண்டு எந்தக் கோர்ட்டிலும் இல்லை.

நாம் கோருவது புதிய சட்டமன்று. ஜப்தி செய்யலாகாத பொருள்களின் ஜாபிதாவைத் தெளிவான தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வாரண்டுடனும் கொடுக்கவேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை அவ்விடத்திலேயே எழுதிக் கடனாளி கையில் ஒரு நகல் தரவேண்டும். மாடும் விதையும் தன் ஜீவனத்துக்கு அவசியமென்று அவன் சொன்னால், அமீனா அதைக் குறித்துக் கோர்ட்டாருக்குத் தெரிவிக்கவேண்டும். நெல்லை மழையினின்றும் காக்க இடமும் செலவும் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும். அமீனாவும் குறைந்த சம்பளத்தில் அலையும் ஒரு சிப்பந்தியே. தக்க வசதியளிக்காமல் அவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

தேசத்தொண்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஜப்தி நடக்குமிடத்தில் கலகம் விளைவித்தால் அதன் பலனைக் கடனாளியே அனுபவிப்பான். சட்டம் தெரிந்த ஒருவர் அமைதியாகச் சாட்சி நிற்பாராயின், அக்கிரமம் செய்யத் துணிபவன் இருமுறை யோசிப்பான். கடனை அடைப்பது தர்மம். அதை அடைப்பதற்குரிய ஏரையும் விதையையும் குடியானவனிடம் விட்டுவைப்பதும் தர்மமே. இரண்டையும் ஒருங்கே காப்பதுதான் கோர்ட்டின் பெயரால் வருபவரின் வேலை.