கவுன்சிலர் போடும் ஸ்டேட்டஸ் போதுமா? காரைக்குடி மாநகராட்சியில் கேட்க வேண்டிய கேள்விகள்

"நாளைக்குக் காலையில நம்ம வார்டுல தண்ணி வராது. மோட்டார் ரிப்பேர். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

தமிழ்நாட்டில் எந்த ஊர் வார்டு வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இப்படி ஒரு மெசேஜ் கண்ணில் படும். அதற்குக் கீழே தெருவிளக்கு மாற்றிய போட்டோ. அதற்கும் கீழே காதுகுத்து விழாவில் கவுன்சிலர். சாயங்காலம் கட்சித் தலைமையின் அறிக்கை, எதிர்க்கட்சிக்கு ஒரு பதிலடி மீம். நடுவில் யாரோ அனுப்பிய 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ.

காரைக்குடியும் இதற்கு விதிவிலக்கு இல்லை. சொல்லப்போனால், இந்த ஊருக்கு இந்த மெசேஜ்கள் கொஞ்சம் கூடுதலாகவே தேவை. ஓட்டு காரைக்குடியில், வேலை சென்னையிலோ பெங்களூருவிலோ சிங்கப்பூரிலோ என்று இருக்கும் இளைஞர்கள் இங்கே ஏராளம். செக்காலையில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்றைக்குத் தண்ணீர் வந்ததா என்பது அவர்களுக்குத் தெரியவருவதே கவுன்சிலரின் ஸ்டேட்டஸ் மூலம்தான்.

எனவே கவுன்சிலர் அப்டேட் போடுவதைக் கிண்டல் செய்வது நியாயம் இல்லை. போடாதவரைவிடப் போடுபவர் மேல். ஆனால் அந்த அப்டேட்டில் என்ன வருகிறது, என்ன வருவதே இல்லை என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது. காரணம், காரைக்குடி இப்போது நகராட்சி இல்லை, மாநகராட்சி.

என்ன மாறியது?

1928-ல் நகராட்சியான ஊர் காரைக்குடி. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,06,714. வார்டுகள் 36. 2024 மார்ச்சில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகிய ஊர்களோடு காரைக்குடியும் மாநகராட்சி ஆகும் என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அது நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆனது.

போர்டில் எழுத்து மாறியதோடு இது முடியவில்லை. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் மாநகராட்சி வரம்புக்குள் வந்தன. நகரவாசிக்கு இது பெருமையான செய்தி. ஊராட்சியில் இருந்தவருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது.

ஊராட்சி என்றால் கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 முறை அது கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள யாரும் எழுந்து நின்று, "அந்தக் குழாய்க்குப் போட்ட பணம் எங்கே?" என்று கேட்கலாம். 100 நாள் வேலைத் திட்டமும் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. நகரத்தோடு இணைப்பு என்ற பேச்சு எழுந்தாலே தமிழ்நாடு முழுக்க ஊராட்சிகளில் எதிர்ப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வரி கூடும், வேலை போகும், சபையும் போகும் என்பதுதான் அந்தப் பயம்.

போன சபைக்குப் பதில் என்ன வந்தது? சட்டப்படி வர வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆனால் பெரும்பாலான நகரவாசிகளுக்கு அதன் பேரே தெரியாது.

நகரத்துக்கும் ஒரு கிராம சபை

அதன் பேர் பகுதி சபா. ஏரியா சபை என்றும் சொல்வார்கள்.

1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-வது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. குடிநீர், சாலை, கட்டட அனுமதி, குப்பை, தெருவிளக்கு என 18 பணிகளை அது பட்டியலிட்டது. ஆனால் வார்டு குழு கட்டாயம் என்ற பிரிவை 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே வைத்தது. காரைக்குடி மாதிரி ஊர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. கிராமத்துக்குக் கிடைத்த சபை நகரத்துக்குக் கிடைக்காமல் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் ஓடிவிட்டன.

2022-ல்தான் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபா ஆகியவற்றுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்கப் பகுதி சபாக்கள் கூட்டப்பட்டன. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார்.

அமைப்பு எளிமையானது. ஒரு வார்டு சில பகுதிகளாகப் பிரிக்கப்படும். அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் சபாவின் உறுப்பினர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகளைக் கொண்டது வார்டு குழு. குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எங்கே விளக்கு இல்லை, எந்த வாய்க்கால் அடைத்துக்கிடக்கிறது என்பதை மக்களே சொல்லிப் பதிவு செய்யும் இடம் இது.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மன்றம்தான் நியமிக்கிறது. ஆளுங்கட்சிக்காரர்களாலேயே இடம் நிரம்பிவிடும் என்ற விமர்சனம் அப்போதே வந்தது. அது நியாயமான விமர்சனம். ஆனால் ஓட்டை இருக்கிறது என்பதற்காகப் பாத்திரத்தையே பயன்படுத்தாமல் பரணில் போட்டுவிட முடியாது. கூட்டம் நடந்தால், மினிட்ஸ் எழுதப்படும். எழுதப்பட்டால், அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்.

குரூப் ஏன் சபை ஆகாது?

"அதான் வாட்ஸ்அப் குரூப் இருக்கே, தினமும் கேட்கலாமே" என்று ஒரு கேள்வி வரும். மூன்று சிக்கல்கள்.

ஒன்று, குரூப்புக்கு அட்மின் உண்டு. கேள்வி பிடிக்கவில்லை என்றால் 'ரிமூவ்'. சபையிலிருந்து வாக்காளரை அப்படி நீக்க முடியாது.

இரண்டு, குரூப்பில் கேட்டது எங்கும் பதிவாவதில்லை. "பார்க்கிறேன் தம்பி" என்ற பதில் நாலு ரோஜாப்பூவுக்கு அடியில் புதைந்துபோகும். அதிகாரி யாரும் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

மூன்று, போன் இல்லாதவர் அங்கே இல்லை. தண்ணீர் வராத தெருவில் குடத்தோடு நிற்கும் ஆச்சிதான் அந்தப் பிரச்சினையின் முதல் சாட்சி. பெரும்பாலும் அவர் குரூப்பில் இருக்க மாட்டார்.

கூடவே இன்னொரு குழப்பம். கவுன்சிலரின் பக்கம் அவருடைய சொந்தப் பக்கமா, கட்சிப் பக்கமா, அரசுப் பக்கமா? தண்ணீர் அறிவிப்பும் பிரசாரமும் ஒரே இடத்தில் வந்தால் எது எது என்று யார் பிரிப்பது?

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹியூரான் என்று ஒரு சின்ன நகரம். அங்கே நகர மேலாளர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் குடும்பப் படங்களும் போடுவார், நகராட்சித் தகவலும் போடுவார். கொரோனா காலத்தில் விமர்சித்து கமெண்ட் போட்ட ஒருவரை பிளாக் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'லிண்ட்கே எதிர் ஃப்ரீட்' என்ற அந்த வழக்கில் 2024 மார்ச்சில் நீதிபதிகள் ஒருமனதாக ஓர் அளவுகோல் சொன்னார்கள்: அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும், அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும். அப்போதுதான் அது அரசின் செயல். இங்கே அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் கேள்வி பொருந்தும்.

வராத அப்டேட் எது?

ஓர் உதாரணம் போதும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25%, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% உயர்வு. மாநில அரசின் உத்தரவுதான். ஆனால் உள்ளூர் மன்றங்களில் தீர்மானம் வைத்துத்தான் நடைமுறைக்கு வந்தது.

செட்டிநாட்டுக்கு இந்த அடுக்குக் கணக்கு தனி அர்த்தம் உள்ளது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடுகள் கடைசி அடுக்கில் வரும். அதில் பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் நாலு ஊரில். பக்கத்திலேயே 500 சதுர அடி ஓட்டு வீடு முதல் அடுக்கில் வரும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு கணக்கு. இதில் உங்கள் வார்டு கவுன்சிலர் மன்றத்தில் என்ன பேசினார்? ஆதரித்தாரா, எதிர்த்தாரா, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாரா?

அந்த அப்டேட்தான் வருவதில்லை. கல்யாண வீட்டுப் படம் வருகிறது, கவுன்சில் ஹாலில் எடுத்த முடிவு வருவதில்லை. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருவை மூடியதும் போட்டோ வருகிறது. ஒப்பந்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பது வருவதில்லை.

"கவுன்சிலருக்கு என்ன பவர் இருக்கு?"

கவுன்சிலர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. நிதி ஆணையர் கையில், திட்டம் மாநில அரசின் கையில். மக்கள் திட்டுவது மட்டும் கவுன்சிலரை. ராத்திரி 11 மணிக்கு நாய் செத்துக்கிடக்கிறது என்று போன் வரும். 2023 ஜூலை முதல்தான் மதிப்பூதியமே வந்தது: மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாய். பெட்ரோலுக்கும் மொய்க்குமே சரியாகப் போகும்.

உண்மைதான். ஆனால் அதிகாரம் குறைவு என்பதே வெளிப்படையாகச் சொல்வதற்கான காரணம். "இந்தச் சாலைக்கு நான் தீர்மானம் கொடுத்தேன், இந்தத் தேதியில் கொடுத்தேன், இன்னும் நிதி வரவில்லை" என்று கவுன்சிலர் எழுதினால் மக்களின் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். மறைத்தால் அது அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவை இல்லை. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4, யாரும் மனுப் போடாமலேயே பொது அமைப்புகள் வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. பட்ஜெட், செலவு விவரம், மன்றக் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் மினிட்ஸ் கிடைக்குமா என்பது எல்லாம் அதில் உண்டு. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அது தொடர்பான விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது அதே பிரிவு. ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்ப்பதைவிட முக்கிய முடிவு வேறு என்ன?

நல்ல அப்டேட் எப்படி இருக்கும்?

மாதம் ஒரு முறை, ஐந்து வரி போதும்.

* இந்த மாத மன்றக் கூட்டம் நடந்த தேதி, நம் வார்டு சம்பந்தமாக வந்த தீர்மானங்கள்.
* நான் என்ன பேசினேன், எதை ஆதரித்தேன், எதை எதிர்த்தேன்.
* வார்டில் நடக்கும் பணி, அதன் தொகை, முடிய வேண்டிய தேதி.
* போன மாதம் வந்த புகார் எத்தனை, தீர்ந்தது எத்தனை.
* அடுத்த பகுதி சபா எங்கே, எப்போது.

இதோடு கட்சிச் செய்திக்குத் தனி குரூப். காதுகுத்துப் படம் தாராளமாக ஸ்டேட்டஸில் போகலாம். யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

காரைக்குடிக்கு இது புதிய பழக்கமும் இல்லை. 1917-ல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கி, 1919-ல் பாரதியாரை வரவழைத்த ஊர் இது. 1920-களில் இங்கிருந்து 'ஊழியன்', 'குமரன்' இதழ்கள் வந்தன. ஊர் விஷயத்தை அச்சில் போட்டு, பேர் சொல்லி விவாதித்தவர்கள் இருந்த இடம். அன்றைக்கு அதற்கு அச்சுக்கூடம் வேண்டும், காகிதம் வேண்டும், துணிச்சலும் வேண்டும். இன்றைக்கு முதல் இரண்டும் தேவை இல்லை.

வாக்காளர் என்ன செய்யலாம்?

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் "என்ன செய்தீர்கள்?" என்று கேட்க, இப்போதே கணக்கு வேண்டும். மன்றத் தீர்மான நகல் வேண்டும் என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு; 30 நாளில் பதில் தர வேண்டும். பெங்களூருவில் இருந்தே போடலாம். சங்கராபுரத்தில் இருப்பவருக்கு இன்னும் ஒரு கேள்வி கூடுதலாக உண்டு: கிராம சபையில் நிலுவையில் இருந்த தீர்மானங்கள் இப்போது யார் மேஜையில்?

அதைவிட எளிதான ஒன்றும் இருக்கிறது. அடுத்த முறை "நாளை தண்ணி வராது" என்று மெசேஜ் வரும்போது கட்டைவிரல் எமோஜியோடு நிறுத்தாமல், கீழே இன்னும் ஒரு வரி தட்டலாம்: "அண்ணே, நம்ம ஏரியா பகுதி சபா எந்தத் தேதி?"

ஒருவர் கேட்டால் அது ரோஜாப்பூவுக்கு அடியில் போய்விடும். முப்பது பேர் கேட்டால் தேதி சொல்லியே ஆக வேண்டும்.