மிதித்தது நான், கணக்கு யாருடையது?

காசு கொடுத்து வாங்கியது நான். மழையிலும் எதிர்க்காற்றிலும் மிதித்தது நான். மிதித்த கணக்கை எடுத்துப் பார்க்க மட்டும் இன்னொருவரின் அனுமதி எனக்கு எதற்கு? சைக்கிளில் மாட்டும் ஜிபிஎஸ் கருவியைப் பற்றி இப்படிக் கேட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்குமே, உனக்கென்ன கவலை?" என்கிறார்கள். என் கவலையே அந்தப் பத்திரம்தான்.

இந்தக் கருவி மாயம் எதுவும் செய்வதில்லை. பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறை நாம் இருக்கும் இடம், உயரம், வேகம், நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பதிந்துகொள்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 3,600 பதிவுகள். இன்று பல நிறுவனங்களின் கருவிகள் 'ஃபிட்' என்ற கோப்பு வடிவத்தில் எழுதுகின்றன. அதில் நேரம், 1989 டிசம்பர் 31 தொடங்கும் நொடியிலிருந்து விநாடிகளாக எண்ணப்படுகிறது. 180 பாகையை 2,147,483,648 கூறுகளாகப் பிரித்து, அந்தக் கூறுகளின் எண்ணிக்கையாக அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்படுகின்றன. கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கக் கடைசியில் இரண்டு பைட்டுகள். இந்த இலக்கணம் வெளிப்படையாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் நிரல் எழுதலாம்.

அப்படியிருக்க என் கருவி என்ன செய்தது? கேபிளில் இணைத்தால் மின்னூட்டம் ஏறும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கோப்புகள் ப்ளூடூத் வழியாக நிறுவனத்தின் செயலிக்கு மட்டும் போகும். செயலிக்குள் நுழையக் கணக்கு வேண்டும். கணக்கு இருப்பது அவர்களுடைய சர்வரில். அந்த மாடலுக்கான சேவையை நிறுத்தப் போவதாக ஒரு நாள் அறிவித்தார்கள். அதன் பிறகு கருவி பதிந்துகொண்டே இருக்கும், பதிந்ததை எடுக்கத்தான் வழி இருக்காது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. என் சண்டை ஒரு நிறுவனத்தோடு இல்லை, இந்த வழக்கத்தோடு.

சேவை நிற்பதற்கு முன், போனுக்கும் கருவிக்கும் நடந்த ப்ளூடூத் பேச்சைப் பதிவு செய்தேன். ஆண்ட்ராய்டில் அதற்கு வசதி உண்டு. பதிவை வயர்ஷார்க்கில் திறந்து பார்த்தால், உரையாடல் நம் ரேஷன் கடை வரிசையைவிட எளிமையானது. செயலி பட்டியல் கேட்கிறது. கருவி தருகிறது. செயலி ஒரு கோப்பின் எண்ணைச் சொல்கிறது. கருவி அதை 20 பைட்டுத் துண்டுகளாக அனுப்புகிறது. பைத்தானில் இருநூற்றுச் சொச்சம் வரிகளில் அதே கேள்விகளை நானே கேட்க வைத்தேன். வந்த துண்டுகளை ஒட்டியபோது, கோப்பின் தலைப்பகுதியில் புள்ளியும் எஃப், ஐ, டி என்ற மூன்று எழுத்துகளும் தெரிந்தன. அதாவது கருவி முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த அந்த வடிவத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தது. அறைக்குள் ரகசியம் ஒன்றும் இல்லை, வாசலில் மட்டும் பூட்டு. அந்தப் பூட்டுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

இது திருட்டுத்தனம் என்று ஒருவர் சொன்னார். ஒரு நிரலை முறைப்படி பயன்படுத்துபவர் அது எப்படி இயங்குகிறது என்று கவனித்து ஆராயலாம் என்பது 1991லிருந்தே ஐரோப்பியச் சட்டம். என் வீட்டுக் கதவை நான் திறந்ததற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம்.

கிளவுட் பத்திரம் என்பவர்களுக்கு 2020 ஜூலையை நினைவூட்டுகிறேன். அந்த மாதம் 23ஆம் தேதி கார்மின் நிறுவனத்தின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியது. சேவைகள் திரும்பத் தொடங்கப் பல நாள் ஆயிற்று. அந்த நாட்களில் ஓட்டியவர்களின் கணக்கு தொலைந்துபோகவில்லை. ஏன்? அந்த நிறுவனத்தின் சைக்கிள் கருவிகளைக் கேபிளில் இணைத்தால் கணினியில் ஒரு டிரைவ் போலத் திறக்கும். ஃபிட் கோப்பைக் கையால் எடுத்து வேறு இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். வாசலைத் திறந்து வைத்ததால் அந்த நிறுவனம் திவாலாகிவிடவில்லை. பூட்டினால்தான் பிழைக்க முடியும் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

"சைக்கிள் ஓட்டிய கணக்குதானே, போனால் போகட்டும்" என்பது அடுத்த வாதம். 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா வரைபடத்தை ஆராய்ந்தவர்கள், ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். படைவீரர்கள் ஓடிப் பழகிய தடங்களே காட்டிக்கொடுத்தன. நான் எந்நேரம் வீட்டில் இல்லை, என் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் அதே வகைக் கணக்கில்தான் இருக்கின்றன. அற்பமானது என்றால் ஏன் அதை இத்தனை ஆசையாகச் சேர்த்து வைக்கிறார்கள்?

ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. 2018 மே முதல், நாம் தந்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் திருப்பிக் கேட்கலாம். 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், இணையத்தோடு பேசும் கருவிகளின் தரவு பயனருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் உரிமையைக் கேட்டு வாங்க எதிரே ஒருவர் இருக்க வேண்டும். மூடிப்போன கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் யார் பதில் போடுவார்? சட்டம் மனு எழுதும் உரிமையைத் தருகிறது. கேபிள் கோப்பையே தருகிறது.

இந்த இதழின் வாசகர்களுக்கு இது புதுக் கதை இல்லை. புலம்பெயர்ந்த மண்ணில் தொண்ணூறுகளில் சிற்றிதழ் நடத்தியவர்களைக் கேளுங்கள். பாமினியில் தட்டச்சு செய்த பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கவிதைக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டும். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீடு வைத்திருந்தது. அப்போது பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. வார இறுதிகளில் சம்பளமில்லாமல் எழுத்துரு மாற்றிகளை எழுதியவர்கள் பலர். இன்று யூனிகோடில் பழைய பக்கங்களைப் படிக்க முடிகிறதென்றால், அந்த வீட்டு நிரல்களுக்கும் அதில் பங்குண்டு.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் தம்பி தங்கைகளுமாகிய நாம் இன்று என்ன செய்கிறோம்? பெர்லினிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் செயலிகளை எழுதும் கைகளில் நம் கைகளும் உண்டு. 'ஏற்றுமதி' பொத்தானை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவைக்கும் கூட்டங்களில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். அங்கே வாய் திறக்கலாம். "இந்தச் சேவை நின்றுபோனால் பயனர் தன் கோப்பை எப்படி எடுப்பார்?" என்று ஒரு கேள்வி போதும். அதற்காக யாரும் வேலையை விட்டுத் தூக்கமாட்டார்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடையில் விலையையும் பேட்டரியையும் கேட்பது போல இதையும் கேளுங்கள்: கணக்கு தொடங்காமல், இணையம் இல்லாமல், ஒரு கேபிளை மட்டும் செருகினால் என் கோப்பு என் கணினிக்கு வருமா? வராது என்றால் அந்தக் கருவியைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.