சித்தர் வந்தார், திருடி போனாள்

டிஸ்கி: "பசங்க விளையாட்டுல பேங்க் ஆபீசருக்கு என்ன வேலை?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு - ஹால் என்னோடது, பஜ்ஜி தங்கமணி கைவண்ணம். அதனால பேச எனக்கும் உரிமை உண்டு :-)

புனேவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எங்க வீட்டு ஹாலில் அபார்ட்மெண்ட் பசங்க அஞ்சு பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவாங்க. தெரியாதவங்களுக்காக: 1974-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஒருத்தர் கதை சொல்வார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா அந்தக் கதைக்குள்ள நடப்பாங்க. நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா பகடை முடிவு பண்ணும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு, அதாவது தொழில். சண்டைக்காரன், மந்திரவாதி, திருடன் இப்படி.

பத்தாவது படிக்கிற என் பையன் சொந்தமா ஒரு கிளாஸ் உருவாக்கினான். பேரு சித்தர். பாட்டி சொன்ன அட்டமாசித்தியை வெச்சு எட்டு சக்தி. நான் பெருமை தாங்காம அதை இங்க இருக்கிற தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒரே கைதட்டல். அமெரிக்கக்காரன் விளையாட்டுல நம்ம ஆளை உட்கார வெச்சுட்டானேன்னு ஆளாளுக்குப் பாராட்டு. அந்தக் கைதட்டலோடதான் எனக்கு இப்போ சண்டை. முதல்ல தட்டினது நான்தான்கிறதையும் ஒத்துக்கறேன்.

சி விங்கில் ஒரு பொண்ணு, எட்டாவது. போன வருஷம்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தாங்க. இந்தி தடுமாறும், மராத்தி சுத்தம். ஸ்கூலில் வாயே திறக்கமாட்டாளாம். எங்க ஹாலில் அவள்தான் திருடி. பூட்டு, பொறி, மதில் ஏறுறது எல்லாம் அவள் இலாகா. பூட்டின கதவு ஒண்ணு வந்தா நாலு தலையும் அவள் பக்கம் திரும்பும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் அவள் வாராவாரம் வந்தான்னு எனக்கு அப்போ புரியலை.

சித்தர் வந்தார். அணிமாவில் அணுவாகி சாவித்துவாரம் வழியா நுழைஞ்சு உள்பக்கம் தாழ்ப்பாளை எடுத்தார். இலகிமாவில் மதிலைத் தாண்டினார். காவல்காரனை வசித்துவத்தில் மடக்கினார். ரெண்டு மணி நேரம், அந்தப் பொண்ணு பகடையைக் கையிலேயே வெச்சிருந்தாள். ஒரு தடவைகூட உருட்டலை. போகும்போது "அடுத்த வாரம் டெஸ்ட் இருக்கு அங்கிள்"னு சொல்லிட்டுப் போனாள். மூணு ஞாயிறாச்சு, ஆளைக் காணோம்.

பையனைக் கேட்டா, "அப்பா, இது ஃபேன்டஸி. இதுலயும் லிமிட் போடணுமா?" என்கிறான்.

போடணும்டா. பி.காம் முதல் வருஷப் பாடம்: பற்று இல்லாம வரவு கிடையாது. புது கிளாஸ் எழுதறதும் வவுச்சர் எழுதற மாதிரிதான். அதுக்கு நீ வரவு வைக்கிற ஒவ்வொரு சக்தியும் யார் கணக்கிலாவது பற்று விழும். யார் கணக்குன்னு நீ எழுதலேன்னா, மேஜையில் இருக்கறதிலேயே வாயில்லாப்பூச்சி தலையில் அது விழும். 'கதைக்கு நல்லா இருக்கும்'னு சொல்றதெல்லாம் ஒத்துவராத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளற வேலை.

இந்தத் தப்பைப் பெரியவங்களும் பண்ணியிருக்காங்க. 1974-ல் மூணே கிளாஸ்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக் எனப்படும் குருமார். திருடன் 1975-ல் 'கிரேஹாக்' என்ற இணைப்புப் புத்தகத்தில்தான் வந்தான். அதுக்கு முன்னாடி யார் வேணும்னாலும் "கழியால தரையைத் தட்டிப் பார்க்கறேன்"னு சொல்லிப் பொறியைத் தேடலாம். திருடன் சதவீதக் கணக்கோட வந்ததும், பல மேஜைகளில் அது 'அவன் வேலை' ஆயிடுச்சு, மத்தவங்க கையைக் கட்டிக்கிட்டாங்க. சரி, பிடுங்கிக் கொடுத்ததாவது உருப்படியா இருந்துதா? 1978 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'படி முதல் நிலைத் திருடன் பூட்டைத் திறக்க அடிப்படை வாய்ப்பு 25 சதவீதம். நாலுக்கு மூணு தடவை அசடு வழியணும். மந்திரவாதிக்கோ 'நாக்'னு ஒரு மந்திரம். சொன்னா கதவு திறந்துக்கும், பகடையே வேண்டாம்.

அதே 'நாக்' 2014 பதிப்பில் எப்படி இருக்குன்னு பாருங்க. கதவு திறக்கும், ஆனா தட்டற சத்தம் 300 அடி தூரத்துக்குக் கேட்கும்! இதுதாங்க பற்று. சத்தமில்லாம திறக்கணும்னா திருடியைக் கூப்பிட்டாகணும். ஒரே வரி, ரெண்டு பேர் பிழைப்பும் ஓடுது. 2004-ல் வந்த 'வார்லாக்' கிளாஸும் இந்த ரகம்தான். அவனுக்குத் தெரிஞ்சது கொஞ்சம், ஆனா தீராது. மந்திரவாதிக்கு நிறையத் தெரியும், அன்னன்னைக்குத் தீர்ந்துபோகும்.

"கதை சொல்றவன் பாத்துக்குவான்"னு ஒரு கட்சி உண்டு. கதை சொல்றது எதிர் ஃபிளாட் மராத்திப் பையன், வயசு பதினஞ்சு. மேனேஜர் பாத்துக்குவார்னு விட்ட லோன் எல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்.

சித்தர்னு பேர் வெச்சதால சலுகையும் கிடையாது. வருஷக்கணக்கா தவம் கிடந்து வாங்கினதாத்தானே பாட்டி கதை சொன்னாங்க? இவன் தாளில் முதல் நிலையிலேயே எட்டும் இலவசம்.

நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து தாளில் நடுக்கோடு போட்டோம். அணிமா இருக்கும், ஆனா அணுவா இருக்கும்போது எதையும் நகர்த்த முடியாது. பூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். அதைக் கேட்டுத் திருடி இருபது முகப் பகடையை ரெண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கலாம். இலகிமா தனக்கு மட்டும், ஒரு கயிறுகூட எடுத்துக்கிட்டுப் போகக்கூடாது. வசித்துவத்துல இன்னும் சண்டை ஓடுது. "அதையாவது விடுங்கப்பா" என்கிறான்.

அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கான். ரெண்டு டிக் விழுந்திருக்கு, பதில் வரலை. நாளைக்கு அஞ்சு பேருக்கே மாவு கரைக்கச் சொல்லியிருக்கேன்.