ஓடுகிற பெண்ணைத் தடுக்காதீர்!

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நடவுக் காலத்தைப் பாருங்கள். முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாள் முழுதும் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறார்கள் நம் தாய்மார்கள். அப்போது எந்த நிலச்சுவான்தாரும் பெண்ணின் அடக்கம் பற்றிப் பேசுவதில்லை. கூலி மிச்சமானால் போதும்! அதே தாயின் மகள் பள்ளி மைதானத்தில் அரைக்கால் சட்டை போட்டு ஓடினால் மட்டும் ஊர் மானம் போய்விடுகிறதாம்!

இது ஒரு மதத்தின் சங்கதியல்ல. பெண் வயதுக்கு வந்ததும் பந்தைப் பிடுங்கி வைப்பது எல்லா ஜாதியிலும், எல்லா மதத்திலும் உண்டு. செங்கொடி பிடிக்கும் தோழர் வீட்டிலும் உண்டு.

அல்ஜீரியாவின் ஹசிபா புல்மெர்கா 1991ல் 1,500 மீட்டர் ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றார். கால் தெரிய ஓடினார் என்று மத வெறியர்கள் தூற்றினார்கள். கொல்லுவோம் என்று மிரட்டினார்கள். அவர் பணியவில்லை. 1992ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2011ல் ஈரான் பெண்கள் அணி முக்காடு அணிந்திருந்தது என்பதற்காக, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆட விடாமல் தடுத்தது சர்வதேசக் கால்பந்து ஸ்தாபனம். அதே 2011ல் உலக பாட்மிண்டன் சம்மேளனம், ஆட்டம் கவர்ச்சியாக இருக்க வேண்டுமென்று, பெரிய போட்டிகளில் பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என விதி செய்தது. எதிர்ப்பு கிளம்பியது; 2012ல் விதி கைவிடப்பட்டது. முக்காட்டுத் தடையும் 2014ல் நீங்கியது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா முக்காடோடு ஆடினார். அன்று அவர் அணி தென் கொரியாவை வென்றது. கால்பந்து ஒன்றும் கெட்டுவிடவில்லை!

மூடு என்கிறான் மதவாதி. காட்டு என்கிறான் வியாபாரி. ஆடுகிற பெண்ணை இருவருமே கேட்பதில்லை.

நம் நிலை தெளிவானது. முழுக்கால் சட்டையோ, முக்காடோ, அரைக்கால் சட்டையோ, எதுவானாலும் சரி. உடையைக் காட்டி எந்தக் குழந்தையையும் மைதான ஓரத்தில் உட்கார வைக்கக் கூடாது. எந்த உடையையும் அவள் மீது திணிக்கவும் கூடாது.

பெற்றோரின் பயத்தைக் கேலி செய்ய வேண்டாம். உடை மாற்ற அறை உண்டா? பயிற்சி தர ஆசிரியை உண்டா? இருட்டும் முன் கல்வராயன் மலைக்குத் திரும்ப பஸ் உண்டா? இவை நியாயமான கேள்விகள். பதில் சொல்ல வேண்டியது சர்க்கார். பெண்ணை வீட்டில் பூட்டி வைப்பது பதிலாகாது!

2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தேகப் பயிற்சிக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளரே! அந்தக் குழுவில் போய் உட்காருங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். மைதானம் கேளுங்கள், ஆசிரியை கேளுங்கள், பஸ் கேளுங்கள். மலையில் மைல் கணக்காக ஏறி இறங்கிய கால்கள் நம் பெண்களின் கால்கள். அவை ஓடட்டும்!