சண்டை பொய்தான், அடி பொய்யில்லை

போன பதிவில் மணிலாக்கொட்டை பிடுங்கினதைப் பற்றி எழுதினேன். அடுத்தது கரும்பு என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இந்த வாரம் மல்யுத்தம். கொஞ்சம் கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்குங்க.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து என் மச்சான் மகன் வந்திருந்தான். பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை. நான் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து என் பையன் போனில் டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன மாமா, இந்த வயசுலயும் இந்தப் பொய்ச் சண்டையைப் பார்க்கறீங்க? எல்லாம் செட்டப்புன்னு தெரியாதா?"

தெரியும்ப்பா. நல்லாத் தெரியும். ஊருக்குக் கேபிள் வந்த புதுசில், அது டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆக இருந்த காலத்தில், ரெண்டு வருஷம் நிஜம் என்று நம்பினேன், மறைக்கவில்லை. அண்டர்டேக்கர் செத்துப் பிழைத்தவன் என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். பிறகு புரிந்துவிட்டது. யார் ஜெயிக்கணும் என்பது முன்னாடியே பேசி வைத்தது. அதனால் பார்ப்பதை விட்டோமா? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் கடைசி நாள் துரியோதனன் சாவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களா? துரியோதனன் வேஷம் கட்டினவர் ராத்திரி முழுக்கக் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்து ஆடுகிறாரே, அந்தக் கனம் பொய்யா?

இன்னொன்றும் சொல்கிறேன். 'இது பொய்' என்பது பட்டணத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. வின்ஸ் மெக்மஹனின் கம்பெனியே 1989இல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில செனட்டிடம் சொன்னதுதான். இது போட்டி இல்லை, வெறும் பொழுதுபோக்கு என்றார்கள். ஏன் தானாகப் போய் ஒத்துக்கொண்டார்கள்? போட்டி என்றால் வரி உண்டு. மல்லர்களுக்கு லைசென்ஸ் வேண்டும், மேடை ஏறும் முன் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் அதெல்லாம் கிடையாது. ஆக, 'இதெல்லாம் பொய்' என்ற வார்த்தையால் முதலில் லாபம் பார்த்தவர் முதலாளி. அதே வார்த்தையைத்தான் நீங்கள் அறிவாளித்தனம் என்று நினைத்துக்கொண்டு எங்களிடம் திருப்பிச் சொல்கிறீர்கள்.

எது பொய், எது நிஜம் என்று நான் சொல்கிறேன். முடிவு பொய். கோபம் பொய். விழுவது நிஜம். 1998 ஜூனில் பிட்ஸ்பர்க் நகரத்தில் மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் கம்பிக்கூண்டின் உச்சியிலிருந்து கீழே தள்ளினார். சுமார் 16 அடி. மேஜை நொறுங்கியது. அந்த மனுஷன் எழுந்து மறுபடி மேலே ஏறினார். அடுத்த தடவை கூண்டின் கூரையே பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தார். உடைந்த பல் மூக்கருகில் குத்தி நின்றது. அப்படியே சண்டையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்களைப் பார்த்தவன் நான். 16 அடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம், 1999 மே 23. கான்சஸ் சிட்டி. ஓவன் ஹார்ட்டுக்கு வயது 34. கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வந்து ஜனங்களைச் சிரிக்க வைக்கணும், அவ்வளவுதான் வேலை. மாட்டியிருந்த கொக்கி கழன்றது. 70 அடிக்கு மேல் இருக்கும். மேடையில் விழுந்து செத்தார். உடம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அதே மேடையில் அடுத்த சண்டையை நடத்தினார்கள். டிக்கெட் விற்றாகிவிட்டதே! அவர் மனைவி மார்த்தா வழக்குப் போட்டார். 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி அதை முடித்துக்கொண்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மல்லர்கள் கம்பெனி ஊழியர்கள் கிடையாது. காகிதத்தில் அவர்கள் 'சுதந்திர ஒப்பந்தக்காரர்கள்'. என்ன பேர் வைத்துக்கொள்ளணும், என்ன உடை போடணும், யாரிடம் தோற்கணும், எந்த ஊருக்கு எப்போது போகணும், எல்லாம் கம்பெனி சொல்லும். வேறு கம்பெனி மேடையில் கம்பெனியைக் கேட்காமல் ஏற முடியாது. பல பேருக்கு அந்த மேடைப் பேரே கம்பெனி சொத்து. ஆனால் ஊழியர் மட்டும் இல்லை. மேடையில் அடிபட்டால் ஆபரேஷன் செலவைக் கம்பெனி கொடுக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி மருத்துவக் காப்பீட்டை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. ரொம்ப காலம் ஊர் ஊராகப் போக வாடகைக் காரும் தங்கும் ரூமும்கூட அவர்கள் கைக்காசுதான்.

நம்ம கோடம்பாக்கத்தில் சண்டைக் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது. ஹாலிவுட் சண்டைக்காரர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் போடுவதும் பொய்ச் சண்டைதானே? இந்த மல்லர்களுக்கு மட்டும் இன்றுவரை சங்கம் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால், எனக்கு வலிக்கிற ஒரு பேரைச் சொல்ல வேண்டும். ஹல்க் ஹோகன். 2025 ஜூலை 24இல் 71 வயதில் மாரடைப்பில் போனார். அன்றைக்கு எனக்கும் மனசு சரியில்லை. 1987இல் ஆண்ட்ரே தி ஜெயண்ட் என்ற மலையை அவர் தூக்கிப் போட்டதைப் பிற்பாடு பத்து தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் இறந்த மறுநாள் போனில் வந்ததெல்லாம் 'தெய்வம்', 'உழைப்பாளி வர்க்கத்தின் நாயகன்' என்கிற மாதிரி இரங்கல்கள். அதைப் படித்தபோதுதான் கோபம் வந்தது.

1986இல், ரெசில்மேனியா 2 நடப்பதற்கு முன்னால், ஜெஸ்ஸி வென்ச்சுரா என்கிற மல்லர் உடைமாற்றும் அறையில் சக மல்லர்களிடம் 'நாம ஒரு சங்கம் வைக்கணும்' என்று பேசினார். பிற்காலத்தில் மினசோட்டா மாநில கவர்னர் ஆனாரே, அவரேதான். அந்தப் பேச்சு முதலாளி காதுக்குப் போனது. போய்ச் சொன்னது யார் என்று வென்ச்சுராவுக்குப் பல வருஷம் தெரியாது. வீடியோ கேசட் ராயல்டிக்காக அவர் போட்ட வழக்கின் விசாரணையில்தான் வெளியே வந்தது. சொன்னவர் ஹோகன். அன்றைக்கு அந்தக் கம்பெனியிலேயே அதிகம் சம்பாதித்தவர். அவர் ஒரு வார்த்தை சேர்ந்து பேசியிருந்தால் சங்கம் வந்திருக்கலாம். அவரோ முதலாளியிடம் போனார்.

அவர் கறுப்பின மக்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு 2015இல் வெளியானதும், கம்பெனி விலக்கி வைத்ததும், 2018இல் திரும்பச் சேர்த்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2025 ஜனவரி 6, நெட்ஃபிளிக்ஸில் முதல் ரா நிகழ்ச்சி. லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டம் அவர் பேசும்போது கூச்சல் போட்டது. அந்த நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் 10 வருஷத்துக்கு 500 கோடி டாலருக்கும் மேல். இவ்வளவு பணம் வந்த பிறகும் மல்லர் காகிதத்தில் அதே ஒப்பந்தக்காரர்தான்.

அமெரிக்காக்காரன் கதை உனக்கு எதுக்குய்யா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் கரும்பு வெட்ட வருகிற ஆட்களுக்குக் கத்தி பட்டால், ஆலையில் 'அவங்க எங்க ஆள் இல்லை, மேஸ்திரி ஆள்' என்பார்கள். மேஸ்திரி 'நிலத்துக்காரரைக் கேளுங்க' என்பார். சில வருஷம் முன்னால் என் கொல்லையிலேயே ஒருவருக்குக் கணுக்காலில் வெட்டு விழுந்தது. தையல் போட 800 ரூபாய் கொடுத்துவிட்டு என் கடமை முடிந்தது என்று நானும் இருந்தவன்தான். அவர் எத்தனை நாள் கூலி இல்லாமல் கிடந்தார் என்று விசாரிக்கக்கூட இல்லை. மெக்மஹனைத் திட்டும்போது அந்த 800 ரூபாய் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

மச்சான் மகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "சரி மாமா, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் பார்க்கறீங்க?" என்றான். நியாயமான கேள்வி. விழுகிற வித்தை தெரிந்தவர்கள் அவர்கள். எதிராளிக்கு அடிபடாமல் அடிக்கிற கை அவர்களுடையது. அந்தத் திறமையை மதித்துப் பார்க்கிறேன். மதிக்கிறவன்தான் கூலியையும் கேட்கணும்.

அதனால் பட்டணத்து நண்பர்களே, அடுத்த தடவை யாராவது மல்யுத்தம் பார்த்தால் 'இது நிஜமா பொய்யா' என்று கேட்காதீங்க. கீழே விழுந்தவனுக்கு இன்சூரன்ஸ் யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்க. உங்கள் கம்பெனியில் 'கான்ட்ராக்ட்' அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்க்கும்போதும் அதையே கேளுங்க.

கரும்புப் பதிவு அடுத்த வாரம் கண்டிப்பாக.